ஸ்டெப்னிக்கு ஏற்ற இடம்

மலைக்காட்டுப் பாதைகளில் ஓடும் ஒரு ஜீப், தன் ஸ்டெப்னியை முதலில் வயிற்றுக்கு அடியில்தான் தொங்கவிட்டிருந்தது.

ஒருநாள் ஸ்டெப்னி, "அண்ணே, எனக்கு உடம்பு தளர்ந்துகிட்டே வருது" என்றது.

"வராம என்ன செய்யும்? இங்க பாறையும் சேறும்தானே" என்ற ஜீப், அதைக் கூரைமேல் ஏற்றிக் கட்டியது. வளைவுகளில் பாரம் தாங்காமல் ஜீப்புக்கே தலை ஆடியது. ஆனாலும் பொறுத்துக்கொண்டது.

"அண்ணே, இன்னும் தளருது" என்றது ஸ்டெப்னி.

"வெயிலும் மரக்கிளையும் படுத்துது, பாவம்" என்று ஜீப் அதை இறக்கிப் பின்கதவில் மாட்டியது. புலிப் படம் போட்ட உறையும் போர்த்தியது. ஆயுத பூஜையன்று அந்தப் புலியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறின.

"அண்ணே..." என்று ஸ்டெப்னி ஆரம்பித்தது.

"நன்றியெல்லாம் எதுக்கு?" என்று ஜீப் கிளம்பிவிட்டது.

செங்குத்தான ஏற்றம் ஒன்றில் கல் குத்திப் பின்சக்கரம் பஞ்சரானது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியில் வந்தவர்கள் அவசரமாக உறையைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, ஜாக்கியை இறக்கினார்கள். ஸ்டெப்னி அப்படியே தரையோடு சப்பிப்போனது.

"காத்தே இல்லையா?" என்றது, கழற்றிப் போட்டிருந்த பின்சக்கரம்.

"அதைத்தானே வயித்தடியில இருந்தப்பவே சொன்னேன்" என்றது ஸ்டெப்னி.

ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றபடி வெகுநேரம் யோசித்தது.

"தப்பு என்மேலதான்" என்றது கடைசியில். "உன்னை பானெட் மேல வச்சிருக்கணும்."