மூன்று வியாழக்கிழமைகள்

அவள் பேனாவை உதறினாள். பேனாவில் ஒரு குறையும் இல்லை.

மாடிப்படிக்கு அடியில், கரண்ட் மீட்டருக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டில் மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. மூன்றாம் தேதி, பத்து, பதினேழு. மூன்றும் வியாழக்கிழமை.

வியாழக்கிழமை இந்தத் தெரு அவளுடையது. வெளிப்படி ஏறி மொட்டை மாடித் தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். கொசுப்புழு இருந்தால் மருந்து ஊற்ற வேண்டும். இறங்கி வந்து சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த மூன்று வியாழனும் அவள் வரவில்லை.

வரவில்லை என்றால் வீட்டில் படுத்துக் கிடந்தாள் என்று அர்த்தமில்லை. அமைச்சர் வருகிறார் என்று அத்தனை பேரையும் மெயின் ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். புல்லைச் செதுக்கு, ஓரமெல்லாம் வெள்ளைப் பவுடர் தூவு. அமைச்சர் இரண்டு தடவை தேதி மாற்றினார். மூன்றாவது தடவை வந்தார். காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.

அதற்குள் தெருவில் கொசு தன் வேலையைப் பார்த்துவிட்டது.

இந்த வீட்டுப் பூங்கொடி இறந்து இன்று மூன்றாம் நாள். இருபத்தாறு வயது. பனியன் கம்பெனியில் பீஸ் மடிக்கிற வேலை. ஆஸ்பத்திரித் தாளில் காய்ச்சல் என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என்ன காய்ச்சல் என்று எழுதினால் எண்ணிக்கையில் ஏறிவிடுமே.

எழுதாவிட்டாலும் ஊர் பேசிவிட்டது. பதினோரு மணிக்கு மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள்.

வருவதற்கு முன்னால் அவளைப் பைக்கில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியவர் இன்ஸ்பெக்டர். சுகாதார இன்ஸ்பெக்டர்.

"சீட்டு நெறஞ்சிருந்தா, தொட்டிய மூடாம வச்சது ஊட்டுக்காரங்க தப்புன்னு எழுதிட்டுப் போயிருவாங்க சிவகாமி. காலியா இருந்தா நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

அவர் வேலை என்னவாகும் என்று அவள் கேட்கவில்லை. பதினோரு வருடம் தினக்கூலியாக இருப்பவளுக்கு அதெல்லாம் கேட்காமலே தெரியும்.

ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு கட்டம். ஒன்று அவளுக்கு, இன்னொன்று வீட்டுக்காரர்களுக்கு.

வீட்டுக்காரர் கட்டம் மூன்றிலும் நிறைந்திருந்தது. கா. பூங்கொடி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி குண்டு குண்டான எழுத்து.

பூங்கொடிதான் ஜூன் மாதமே மொத்தமாகப் போட்டு வைத்தாள். அவள் எட்டு மணிக்குக் கம்பெனிக்குப் போய்விடுவாள். புருஷன் துரைசாமிக்கு நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். ஒரு கையெழுத்துக்காக அவனை எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

"புழு இருந்தா மட்டும் கதவத் தட்டுங்கக்கா. இல்லாட்டி அவர எழுப்பாதீங்க."

சிவகாமியும் சரி என்றாள். அலைச்சல் மிச்சம் என்று சந்தோஷமாகத்தான் சரி என்றாள். டிசம்பர் கடைசி வியாழன் வரைக்கும் கா. பூங்கொடி, கா. பூங்கொடி.

இருபத்து நான்காம் தேதி கட்டத்தில் இரண்டு கையெழுத்தும் இருந்தன. அன்று சிவகாமி உண்மையாகவே வந்தாள். தொட்டி நிறையப் புழு. ஓடி வந்து கதவைத் தட்டினாள். திறக்க ஆளில்லை. பூங்கொடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள், துரைசாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

கேட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஊட்டுக்காரம்மா கையெழுத்தே இருக்குதே! அப்புறமென்ன யோசன?"

அவள் மூன்றாம் தேதிக்குப் போட்டாள்.

பத்தாம் தேதிக்குப் போட்டாள்.

பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தது. துரைசாமி. செல்போன் டார்ச்சைச் சீட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று நாள் தாடி. சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தான்.

"இருட்டா இருக்குதுங்களாக்கா? இப்பத் தெரியுதுங்களா?"

நன்றாகத் தெரிந்தது. இவன் வந்து இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

அவன் விரல் பூங்கொடியின் பெயர்மேல் மெல்லப் போனது. ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு வந்து, காலிக் கட்டத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"பதினேழா? அப்ப மிஷின் ரிப்பேருங்கக்கா. முந்துன நாளு ராத்திரி ஷிப்ட்டே இல்ல. ராத்திரியே தூங்கிட்டேன், பகல்ல முழிச்சுத்தான் கெடந்தேன்."

அவள் பேனா முனையைக் கட்டத்தின்மேல் வைத்தாள்.

கேட்டில் பைக் ஹாரன் ஒரு தடவை அடித்தது.

அவள் பதினேழாம் தேதிக்கும் போட்டாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் சந்தேகம் இல்லை. கணக்கு வராத பிள்ளை மாதிரி விழித்தான்.

"அப்ப நீங்க வந்த அன்னைக்கே தொட்டியில புழு இருந்திருக்குமேக்கா. இருந்தா தட்டுவீங்கன்னு அவ சொல்லிருக்கா." அவன் நிறுத்தினான். "தட்டுனீங்களா?"

இல்லை என்று சொல்லலாம். மூன்றெழுத்து. சொன்னால் இந்தச் சீட்டு பொய், அவள் வேலை போச்சு. அவன் பெண்டாட்டி செத்ததற்கு அவன் காரணமில்லை என்பது மட்டும் அவனுக்கு மிஞ்சும்.

"தட்டுனேன் தம்பி."

துரைசாமி தலையை ஆட்டினான்.

"தூங்கிட்டேன் போல."

டார்ச் பிடித்திருந்த கையாலேயே தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டான். வெளிச்சம் சுவரைவிட்டு எங்கேயோ போனது. சீட்டு மறுபடியும் இருட்டில் கிடந்தது.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். "தம்பி, அந்த லைட்ட கொஞ்சம் நேராப் பிடிங்க. போட்டோ எடுக்கோணும்."

அவன் பிடித்தான்.