கத்தி வைக்காத மருந்து

"பாங்கு பெரிசா, உசிர் பெரிசா வாப்பா?"

மர்ஷூதா கேட்டேவிட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான்.

அவளுடைய வாப்பா ஜபார் கண்டக்குழிப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார். அவருக்குக் குரல்வளையில் புற்றுநோய். கதிர்ச் சிகிச்சைக்கு அடங்கியதுபோல் பாசாங்கு செய்துவிட்டு மறுபடி தலைதூக்கிவிட்டது. குரல்வளையை எடுத்தால் பிழைக்கலாம், ஆனால் சொந்தக் குரல் திரும்பாது என்கிறார் டாக்டர். மனுஷனோ நாளைத் தள்ளிக்கொண்டே போகிறார்.

உம்மா கமறியாவுக்குச் சீனி வருத்தத்தில் கண் இரண்டும் போய்விட்டன. அதனால் புத்தளத்தில் வாழ்க்கைப்பட்ட மர்ஷூதாதான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு அலைகிறாள்.

"அந்தத் தங்கத் தூள் மருந்து வரட்டும் மகள்" என்றார் ஜபார், கரகரத்த குரலில்.

அது அவளே தேடிக்கொண்ட வினை. சும்மா இருந்த மனுஷனுக்குப் போனில் ஒரு வீடியோவைக் காட்டித் தொலைத்திருந்தாள். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் ஆயிரம் அடங்குமாம், அவ்வளவு சின்னத் தங்கத் துணிக்கைகள். ஊசியால் ஏற்றினால் புற்றுக்குள் போய்ச் சேர்ந்துகொள்ளும். வெளியிலிருந்து ஒரு வெளிச்சம் பாய்ச்சினால் துணிக்கை சூடேறும். புற்று மட்டும் வெந்து சாகும். பக்கத்துச் சதைக்குச் சேதமில்லை. கத்தியும் இல்லை.

அன்றிலிருந்து ஹஜ்ஜுக்கு ஏங்குகிறவர்போல அதற்கு ஏங்கினார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடமே கேட்டுவிட்டார்.

"பொய்யில்ல ஐயா. சில புற்றுநோய்களுக்கு வெளிநாட்டில சோதிச்சுப் பாக்கினம். உங்கட வருத்தத்துக்கு இன்னும் வரேல்ல."

"எப்ப வரும்?"

"தெரியாது. ஆனா உங்களுக்குக் காத்திருக்க நேரமில்ல."

ஜபார் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"உலகத்துல எவ்வளவு தங்கம் இரிக்கி. நான் ஒரு தூசிதானே கேட்டேன்" என்றார். பிறகு, "சரி, வெட்டுங்க" என்றார்.

மர்ஷூதாவுக்கு அழுகையும் ஆறுதலும் ஒன்றாக வந்தன. திரும்பி வரும் வழியில், போனில் குரலைப் பதிவது எப்படி என்று வாப்பா கேட்டார். அவளும் சொல்லிக்கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முதல் நாள், வாப்பாவைக் கூட்டிப் போக அவள் ஊருக்கு வந்தாள். வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முனையிலேயே பள்ளித் தலைவர் நெய்னார் மறித்துக்கொண்டார்.

"உங்க வாப்பாவுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும் மகள்."

"என்ன செஞ்சிட்டார்?"

"பள்ளி மூலையில குந்திக்கிட்டு நாள் முழுக்கப் போன்ல பதியிறார். ஆள் கிட்டப் போனா நிப்பாட்டுறார். பாங்கைப் பதிஞ்சு வெச்சி, ஒப்பரேஷனுக்குப் பொறகு மைக்ல போடுற எண்ணம். மெஷின் சொல்ற பாங்கு கூடாதெண்டு மோதினாருக்குத் தெரியாதா? இன்னொருத்தன் அந்த இடத்துல நிண்டா அவருக்குப் பொறுக்காது. உசிர் போற மவுத்தைக் கண்ட பொறகும் பேராசை விடல்ல பாருங்க."

மர்ஷூதாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இந்தக் குரலுக்காகத்தானே உயிரையே பணயம் வைத்தார். இப்போது ஊர் சிரிக்கவும் ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறார்.

விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தாள். முன் விறாந்தையில், கதிரையில், போனும் கையுமாக இருந்தார் ஜபார்.

"அதைத் தாங்க வாப்பா. பதிஞ்சது எல்லாத்தையும் அழிக்கப் போறேன். ஊரெல்லாம் ஒரே கதை."

அவர் உதட்டில் விரலை வைத்தார். உள்ளறையிலிருந்து உம்மாவின் குரல் கேட்டது. நித்திரையால் எழும்பிய கலக்கத்தில் கை கட்டிலைத் தடவும் சத்தமும் கேட்டது.

"இஞ்ச, இரிக்கீங்களா? எங்க போயிட்டீங்க?"

ஜபார் வாயைத் திறக்கவில்லை. போனை உள்வாசல் பக்கமாகப் பிடித்து ஒரு பொத்தானை அமத்தினார்.

"ஓம் கமறியா, இங்கதான் இரிக்கேன். பயப்படாதீங்க" என்றது போன், அதே கரகரத்த குரலில்.

"ம்ம்… இரிங்க" என்றாள் உம்மா. கட்டிலைத் தடவிய சத்தம் அடங்கியது.

ஜபார் மகளைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"உம்மா கண்டுபிடிக்கல்ல மகள்" என்றார் மெதுவாக.