அழைப்புமணிக் கம்பி

வீட்டை விற்கும் முன் மின்கம்பிகளைச் சோதிக்க எலெக்ட்ரீஷியன் வந்திருந்தான். செம்புக் கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் என்றைக்கு எப்படி ஓடின என்பதை அவனுடைய காந்தக் கருவி சொல்லிவிடும்.

"காலிங் பெல்லுக்குள்ள யாரும்மா துணியை அடைச்சது?"

செசிலி கணவரைப் பார்த்தாள். மகள் ஓடிப்போன அன்று, 'இனி அவ வந்து அடிச்சாலும் கேக்கக்கூடாது' என்று அடைத்தவர் அவர்தான்.

எலெக்ட்ரீஷியன் கருவியைப் பார்த்தான். "பல வருஷத்துக்கு முன்னால வந்த அந்தப் பெரிய புயல் அன்னைக்கு யாரோ விடாம அழுத்தியிருக்காங்க. சின்னதா ரெண்டு, நீளமா ஒண்ணு. கரண்ட் போறவரைக்கும்."

செசிலி மணியை நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மகள் அப்படித்தான் அடிப்பாள். புயலில் சிக்கியவளை மறுநாள் பிணமாகத்தான் பார்த்தார்கள். "சாகும்போதுகூட பெத்தவங்க நெனப்பு வரலையே" என்றுதான் செசிலி இத்தனை வருஷமும் அழுதிருந்தாள்.

கணவர் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, மணிக்குள் இருந்த துணியை உருவ ஆரம்பித்தார்.