எதிர்க்கட்சிக்காரர்

"என் கம்பெனி பேரு அழிஞ்சுதான் ஆகணும்னா இந்த இணைப்பே வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லிடுங்க வக்கீலம்மா!"

அந்த 'அவர்' பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஜிப் கம்பெனி முதலாளி. பொரிந்து தள்ளியவர் பட்டன் கம்பெனி முதலாளியம்மா. ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்ட நாளிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. எதுவானாலும் வக்கீல் வழியாகத்தான்.

வெளிநாட்டு ஆடை நிறுவனம் ஒன்று, பட்டனையும் ஜிப்பையும் ஒரே கம்பெனியிடம்தான் வாங்குவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டது. இன்று கையெழுத்தாகாவிட்டால் ஆர்டர் கைநழுவிவிடும். அப்புறம் இரண்டு தொழிற்சாலைகளையும் இழுத்து மூட வேண்டியதுதான்.

"சட்டப்படி ஒண்ணு இன்னொண்ணுல கரைஞ்சாகணும்," என்றாள் வக்கீல் பொறுமையாக. "கரையற கம்பெனியோட ஆளுங்க, மெஷினு, வரவு செலவு எல்லாம் இந்தப் பக்கம் வந்துடும். பேரு மட்டும் போயிடும்."

"ஒத்தை மெஷினை வெச்சுக்கிட்டு, தனியா நின்னு சம்பாதிச்ச பேரும்மா அது..." முதலாளியம்மாவுக்குக் குரல் கம்மியது.

ஜிப்காரர் தொண்டையைச் செருமினார். "என் கம்பெனி கரையட்டும். அவங்க பேரே இருக்கட்டும்னு சொல்லுங்க வக்கீலம்மா."

"இத்தனை நாளா சிக்கிக்கிட்டிருந்த ஜிப்பு இன்னிக்கு எப்படித் திறந்துச்சாம்? கேளுங்க!"

"பல்லைக் கடிச்சுக் கடிச்சு அதுக்கும் வலிச்சுப் போச்சாம். சொல்லுங்க!"

வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு காகிதங்களை நீட்டினாள். அவர் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைப் பக்கத்தில் நகர்த்தினார். முதலாளியம்மா அதை எடுத்துக்கொண்டு, முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்து, "தேங்க்ஸ்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கே மனிதர் உருகிப்போனார். வக்கீல் பக்கம் திரும்பினார்.

"அப்போ நாங்க மாத்தி மாத்திப் போட்டுக்கிட்ட கேஸெல்லாம் என்னாகும்?"

"இணைப்புக்கு ஒப்புதல் வந்ததும் முடிஞ்சுபோயிடும். ரெண்டும் ஒரே கம்பெனி ஆயிட்டா, தன் மேலயே எப்படிக் கேஸ் நடத்த முடியும்?"

"எல்லாக் கேஸுமா?" தயங்கித் தயங்கிக் கேட்டார். முதலாளியம்மாவும் சட்டென்று நிமிர்ந்தார்.

வக்கீல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"கம்பெனி கேஸ் மட்டும்தான். விவாகரத்துக் கேஸை, அம்மாவையும் கூட்டிக்கிட்டு நீங்களே போய்த்தான் வாபஸ் வாங்கணும்ப்பா."