சம்பந்தி வீடு

"மதினி, கண்ணாடியைத் தொடைச்சுப் போடுங்க. மேடையில என்ன நடக்குன்னு பாத்துச் சொல்லணும்லா?" என்றாள் வேலுத்தாய்.

"அதான் மைக்ல சொல்லுதாகல்ல. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கு" என்றாள் கிருஷ்ணவேணி.

கோவில்பட்டி கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. அறுபது வயது தாண்டியவர்களுக்காக ஊருக்கு வெளியே அரசு கட்டிய குறைந்த வாடகை வீடுகளுக்கு இன்று குலுக்கல். இரண்டு பேர் சேர்ந்தும் ஒரு வீடு கேட்கலாம். சம்பந்திகள் இருவரும் அப்படித்தான் கேட்டிருந்தார்கள். வேலுத்தாயின் மகனுக்குக் கிருஷ்ணவேணியின் மகளைக் கொடுத்திருந்தது.

கிருஷ்ணவேணியின் முழங்காலுக்கு மாடி ஆகாது. குலுக்கலில் கீழ்வீடு விழாவிட்டால் வேலுத்தாய் எப்போதும்வென்றான் ஊரில் தம்பி வீட்டுக்கும், கிருஷ்ணவேணி கடம்பூரில் அக்கா வீட்டுக்கும் போக வேண்டியதுதான்.

கீழ்வீடுகள் மளமளவென்று போய்க்கொண்டிருந்தன.

"வீடு விழுந்தா அடுப்படி எனக்கு. நீங்க வைக்கிற குழம்புல உப்பே இருக்காது" என்றாள் வேலுத்தாய், மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நீங்க அள்ளிப் போட்ட உப்புலதான் உங்க மகனுக்கு இம்புட்டுக் கோவம்."

"உங்க மக மட்டும் என்னவாம்? வாயத் தொறந்தா மூட மாட்டா."

"என்னைய மாதிரி."

வேலுத்தாய் சிரித்துவிட்டாள். பக்கத்து நாற்காலி நபீசாவும் சிரித்தாள். "ஒரே வீட்டுல ரெண்டு சம்பந்தியா? அந்த வீடு தாங்குமா?"

"கீழ்த்தளத்தில் இனி ஒரே வீடுதான்" என்றது மைக்.

கிருஷ்ணவேணி வேலுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். வளையல் பதிந்து வலித்தது. வேலுத்தாய் கையை இழுக்கவில்லை.

"வேலுத்தாய், கிருஷ்ணவேணி."

முழங்காலை மறந்து எழுந்துவிட்டாள் கிருஷ்ணவேணி. வேலுத்தாய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வாசல்ல பிச்சிக்கொடி வைக்கணும் மதினி."

"மொதல்ல ஜன்னலுக்குக் கொசுவலை அடிங்க. பிச்சி எங்க போயிரும்?"

நபீசாவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "மொதல்ல மகனுக்கும் மருமகளுக்கும் போனைப் போடுங்க. வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாக."

"ஆளுக்கொரு போனாத்தான் போடணும்" என்றாள் வேலுத்தாய். "அதுக ரெண்டும் கோர்ட்டுல எழுதி வாங்கிப் பிரிஞ்சு ரெண்டு வருசமாச்சு. நாங்கதான் பிரிய மாட்டோம்னுட்டோம்."