தப்புக்கு ஒரு துண்டு கேக்

"தப்பு பண்ணினவங்களுக்கு மட்டும்தான் கேக். யோக்கியருங்க எல்லாம் வெறும் டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்று பெரிய சிஸ்டர் கத்தியைத் தூக்கிக் காட்டினார்.

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்துக்கு ஒரு மதியம் இந்தக் கூத்து நடக்கும். யார் என்ன தப்பு செய்தோம், எது நூலிழையில் தப்பியது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னவருக்குத் திட்டு கிடையாது, கேக் உண்டு. அது வரும் வாசனைக்கே காய்ச்சல்காரர்கள் பாதிப் பேர் மாத்திரை வாங்காமல் குணமாகி எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கேக்கைச் சுமந்து வருபவர் எதிர்த்தெரு பேக்கரிக்காரர். மூலை நாற்காலியில் அமர்ந்து எல்லாத் தப்பையும் காது கொடுத்துக் கேட்பார். ஒவ்வொரு கதை முடிந்ததும் அவருக்கு ஒரே கேள்விதான்: "அந்த நோயாளி இப்ப நல்லா இருக்காங்களா?"

அதட்டினால் சுவர்க் கடிகாரமே நின்றுவிடும் என்று பெயரெடுத்த பெரிய சிஸ்டர், அவர் உள்ளே வந்தால் மட்டும் தலை நிமிர மாட்டார்.

"வெக்கத்தைப் பாருய்யா" என்று கம்பவுண்டர் ஆம்புலன்ஸ் டிரைவரின் விலாவில் இடிப்பார். "நாமெல்லாம் நேத்து மாத்தலாகி வந்தவங்க. இந்தக் காதல் எந்தக் காலத்துல ஆரம்பிச்சுதோ!"

"ரெண்டும் தனிக்கட்டை. கல்யாணத்துக்குக் கேக் செலவு மிச்சம்ணே" என்பார் டிரைவர்.

இன்று அந்தச் சிரிப்பெல்லாம் தொண்டையிலேயே நின்றது. புதிதாக வந்திருந்த டாக்டர், கோட்டோடு சேர்த்து முகத்துக்கும் கஞ்சி போட்டவர் போல நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"இனிமே தப்புக்குக் கேக் இல்ல, மெமோ" என்றார். "தற்காலிக ஆளுங்களா இருந்தா நேரா வீட்டுக்கு."

யானை அளவு தப்பொன்றைச் சொல்ல வந்திருந்த கம்பவுண்டர் அதை டீயோடு சேர்த்து விழுங்கினார். 

சின்ன சிஸ்டர் மெல்ல எழுந்தாள். தற்காலிக வேலை, அவள் சம்பளத்தில்தான் அம்மாவும் தம்பிகளும் சாப்பிடுகிறார்கள். கையிலிருந்த மாத்திரைக் கவரை மேசையில் வைத்தாள்.

"அக்கா... காலையில பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல இருந்த ரெண்டு பேருக்குக் கவரை மாத்திக் குடுத்துட்டேன். பேரு கேக்கல. மாத்திரை நிறம் வேறயா இருக்கேன்னு அந்தம்மா இப்பதான் திருப்பிக் கொண்டுவந்தாங்க. அவங்களோட சுகர் மாத்திரை அந்த பிரஷர் பெரியவர்கிட்டப் போயிருக்குக்கா. அவருக்கு சுகரே கிடையாது."

பெரிய சிஸ்டர் கையிலிருந்த கத்தி தரையில் விழுந்தது. "டிரைவர், குளுக்கோஸை எடுத்துக்கிட்டு ஓடு! தூங்குறாருன்னு வீட்டுல சொன்னாலும் விடாதே, எழுப்பு!"

வண்டி தெருவைத் தாண்டும்வரை சக்கரம் தரையில் படவே இல்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். உள்ளே பேக்கரிக்காரர் வாசலையே பார்த்தபடி நின்றார். அவர் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

ஒரு யுகம் போல நேரம் ஊர்ந்து, கம்பவுண்டரின் போன் அலறியது.

"வேர்த்து விறுவிறுத்துக் கெடந்தாருண்ணே. அசந்து தூங்குறாருன்னு வீட்டுல விட்டுட்டாங்க" என்று டிரைவர் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. "குளுக்கோஸ் உள்ள போனதும் கண்ணத் தொறந்து, 'யாருடா நீ தடியா'ன்னாரு. வண்டியில ஏத்திட்டேன். இன்னும் திட்டிக்கிட்டேதான் வர்றாரு!"

அந்தத் திட்டை ஆசீர்வாதமாக வாங்கிக்கொண்டு எல்லாரும் மூச்சு விட்டார்கள், டாக்டரைத் தவிர.

"ஆள் பொழைச்சது அதிர்ஷ்டம். இந்தப் பொண்ணுக்கு மெமோ ரெடி பண்ணுங்க."

சின்ன சிஸ்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். பேக்கரிக்காரர் நேராக மேசைக்குப் போனார். பாதிக் கேக்கை அப்படியே வெட்டி அவள் முன்னால் வைத்தார்.

"சாப்பிடும்மா. நீ சொன்னியே, அதுக்கு."

டாக்டருக்குச் சுருக்கென்றது. "யாருங்க நீங்க? ஆஸ்பத்திரி விஷயத்துல பேக்கரிக்கு என்ன வேலை? இந்தப் பெரிய சிஸ்டருக்காகத்தானே வாரா வாரம் கேக்கைத் தூக்கிட்டு வர்றீங்க? வந்து இறங்கினதுமே என் காதுல விழுந்துடுச்சு."

கம்பவுண்டர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். பெரிய சிஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

"ஆமா டாக்டர், இவங்களுக்காகத்தான்" என்றார் பேக்கரிக்காரர், குரலை உயர்த்தாமல்.

"என் பொண்ணுக்கு மருந்தை மாத்திக் குடுத்துட்டு, மெமோவுக்குப் பயந்து, அவ கண்ணை மூடுற வரைக்கும் இவங்க வாயைத் திறக்கல."