வின்னி கொடுத்த நற்சான்று

“ஹாலிஸையா? துணை அதிபராவா? கான்ஸ்டன்ஸுக்கு வேற ஆளே கிடைக்கலையா?”

வின்னி சிரித்த சிரிப்பில், சோபா நுனியில் உட்கார்ந்திருந்த வழக்கறிஞர் பெர்கின்ஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“டிவி பாக்கறீங்கதானே மேடம்? அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தல்ல செனட்டர் கான்ஸ்டன்ஸ் ரீட்தான் முன்னால நிக்கறாங்க. அவங்க கூட யார் நிப்பாங்கன்னு நாடே ஜோசியம் பாத்துக்கிட்டிருக்கு. டெக்சாஸ்காரர்ங்கறான் ஒருத்தன், ஒஹையோ அம்மாங்கறான் இன்னொருத்தன். ஆனா செனட்டர் மனசுல இருக்கறது உங்க கணவர்தான்.”

“முன்னாள் கணவர்.”

“மன்னிக்கணும். அதுக்காகத்தான் உங்களைத் தேடி வந்தேன். பேரை அறிவிக்கறதுக்கு முன்னாடி ஆளை நல்லா விசாரிச்சுடணும் இல்லையா? நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் தோண்டி எடுத்தா மானம் போயிடும். கவர்னரா இருந்தவரைப் பத்தி ஊர்ல எல்லாரும் புகழ்ந்துதான் பேசறாங்க. விவாகரத்தான மனைவி அப்படிப் பேச மாட்டாங்க பாருங்க.”

வின்னி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மார்ச் மாதத்து மெய்ன் மாநிலம். பனி உருகித் தெருவெல்லாம் சேறு. பெர்கின்ஸின் பளபளப்பான கார் சக்கரம் பாதி புதைந்து நின்றது.

“முன்கோபக்காரன்,” என்றாள். “கோபம் வந்தா தட்டு பறக்கும்.”

“அரசியல்ல கோபப்படாதவங்க யாரு மேடம்?”

“மகா கஞ்சன்! முதல் தேர்தல்ல நாங்க ரெண்டு பேரும் வீடு வீடா ஓட்டுக் கேட்டுப் போனோம். விரலெல்லாம் விறைச்சுப் போற குளிர். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி கையுறை. ஆளுக்கு ஒண்ணு மாட்டிக்குவோம். மிச்சமிருந்த என்னோட கையும் அவனோட கையும் அவன் கோட்டுப் பைக்குள்ள...”

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

அந்தக் கோட்டின் ஈரக் கம்பளி வாசனை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது. கடற்கரையோரம் ஒரு மீனவர் வீட்டில் இருவரையும் உள்ளே கூப்பிட்டுச் சுடச்சுட மீன் சூப்பு கொடுத்தார்கள். “சூப்பு மட்டும்தான். ஓட்டு உங்களுக்கு இல்ல,” என்றார் அந்த மீனவர். தெருவுக்கு வந்ததும் இருவரும் சிரித்த சிரிப்பு! அந்தத் தேர்தலில் படுதோல்வி. முடிவு வந்த அன்று காரிலேயே உட்கார்ந்து, ஆறிப்போன சாண்ட்விச்சைப் பிய்த்துத் தின்றபடி, “நாம ஜெயிச்சிருந்தா இவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருக்க முடியுமா?” என்றார் ஹாலிஸ்.

அடுத்த தேர்தலில் ஜெயித்தார். அதற்குப் பிறகு பேச நேரமே கிடைக்கவில்லை.

“மேடம்?”

பெர்கின்ஸ் புன்னகைத்துக் கொண்டிருந்தார். “கையுறைக் கதை பிரமாதம். மேடையில சொன்னா ஓட்டு கொட்டும். தப்பா நினைக்காதீங்க, நீங்க அவரை இன்னும் மறக்கல போலிருக்கே?”

வின்னிக்குத் திக்கென்றது. திட்ட உட்கார்ந்து, தன்னையறியாமல் புகழ்ந்துகொண்டிருக்கிறாள்! இப்படியே போனால் இந்த மனிதர் இங்கிருந்து நேராகப் போய் ஹாலிஸின் பேரை அறிவிக்கச் சொல்லிவிடுவார்.

நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்போ இதையும் கேட்டுக்குங்க. கான்ஸ்டன்ஸைப் பத்தி அவன் என்ன சொல்லுவான் தெரியுமா? அவ மேடையேறினா மாட்டுக்கே தூக்கம் வந்துடும்னு சொல்லுவான். அவ நடக்கற மாதிரி நடந்து காட்டுவான், சிரிக்கற மாதிரி சிரிச்சுக் காட்டுவான். விருந்துக்கு வந்தவங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்குவாங்க.”

பெர்கின்ஸின் புன்னகை மறைந்தது. “விருந்துக்கு வந்தவங்கன்னா... யாரு?”

“வேற யாரு? பத்திரிகைக்காரங்கதான்.”

பெர்கின்ஸ் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். முகம் சுண்டிப் போயிருந்தது. “செனட்டர் அவரைக் கூடப்பொறந்த தம்பியா நினைச்சுக்கிட்டிருக்காங்க மேடம்.”

“நானும் ஒரு காலத்துல என்னென்னமோ நினைச்சேன்.”

வாசற்படி இறங்கும்போதே அவர் யாருக்கோ போன் செய்தார். “ஹாலிஸ் தேயர் வேணாம். ஆமா, எடுத்துடுங்க. காரணமெல்லாம் கேக்காதீங்க, செனட்டர் மனசு தாங்காது. அந்த ஒஹையோ அம்மாகிட்டயே பேசிப் பாருங்க.”

சேற்றில் திணறி, உறுமி, ஒருவழியாகக் கார் கிளம்பிப் போனது. வின்னி கதவில் சாய்ந்து நின்றாள். ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் ஏங்கிய பதவியை அரை மணி நேரப் பேச்சில் பிடுங்கி எறிந்தாகிவிட்டது.

மெதுவாகச் சமையலறைக்குப் போய், மளிகைச் சாமான் வைக்கும் அறையின் கதவைத் திறந்தாள்.

“போயிட்டார். வெளிய வா.”

கோதுமை மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து முதுகை நிமிர்த்த முடியாமல் ஹாலிஸ் வெளியே வந்தார்.

“நம்பிட்டாரா?”

“நம்பிட்டார்.”

“கான்ஸ்டன்ஸைப் பத்தி அப்படிச் சொல்லியிருக்க வேணாம் வின்னி. பாவம், அவ.”

“மத்ததெல்லாம் சொல்லிப் பாத்தேனே, அந்த ஆள் அசையலையே! அவ வந்து கூப்பிட்டா முடியாதுன்னு சொல்ல உனக்கு நாக்கு வராது. நேத்து நீதானே வந்து கெஞ்சினே, எப்படியாவது என் பேரைக் கெடுத்துடுன்னு?”

“நான்தான் கெஞ்சினேன்,” என்று ஒத்துக்கொண்டார் ஹாலிஸ். நிம்மதியாகச் சிரித்தார்.

வின்னி அவர் தோளில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள். “சரி, சீக்கிரம் சட்டையை மாத்து. பாதிரியார் காத்துக்கிட்டிருப்பார். அதே ஜோடி ரெண்டாம் தடவை கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் ஒத்திகைக்கு நேரத்துக்கு வந்துடணும்னு கண்டிப்பா சொல்லியிருக்கார்.”